பாப்பிரஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் எழுதுபொருள்களின் கதை சொல்லப் போகும்போது என் பையில் ஒரு பனையோலை ஏடு, ஒரு எழுத்தாணி, ஒரு பாப்பிரஸ் தாள் மூன்றும் இருக்கும். ஓலையை எடுத்தால் "எங்க தாத்தா வீட்ல இருந்துச்சு" என்று ஒரு குரலாவது எழும். பாப்பிரஸை எடுத்தால் கேள்விகள்தான் எழும். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன்.

பாப்பிரஸ்னா பனை ஓலை மாதிரி ஒரு இலைதானே சார்?

இல்லை. இலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாப்பிரஸ் ஒரு கோரை. நம் ஊர் வாய்க்கால் ஓரத்தில் முளைக்கும் கோரைக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைல் நதி கடலில் கலக்கும் கழிமுகத்துச் சதுப்பில் 4, 5 மீட்டர் உயரத்துக்கு வளரும். தண்டைக் குறுக்கே வெட்டினால் முக்கோணமாக இருக்கும். உச்சியில் துடைப்பத்தை விரித்துப் பிடித்தாற்போல ஒரு கொத்து. எழுதப் பயன்பட்டது தண்டின் பச்சைத் தோலுக்குள் இருக்கும் வெள்ளைச் சோறு. "பாப்பிரஸ் இலையில் எழுதினார்கள்" என்று எங்காவது படித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் கோரையும் இதே சைப்பரஸ் பேரினம்தான். எகிப்தியரும் பாப்பிரஸில் பாய் முடைந்தார்கள், கயிறு திரித்தார்கள், செருப்பும் படகும் கட்டினார்கள். தண்டின் அடிப்பாகத்தை அவர்கள் சுட்டுத் தின்றதைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். பாரசீக மன்னன் செர்க்சஸ் கடலிடுக்கில் படகுப் பாலம் கட்டியபோது இழுத்துக் கட்டிய வடங்களில் ஒரு பகுதி பாப்பிரஸ் நாரால் ஆனது. எழுத்து வேலை இந்தச் செடியின் பல வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அப்போ பேப்பரும் பாப்பிரஸும் ஒண்ணுதானே? பேரே அப்படித்தானே இருக்கு?

பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. காகிதம் செய்ய நாரைக் கூழாக்கி, தண்ணீரில் கலக்கி, சல்லடையில் அள்ளிக் காயவைக்க வேண்டும். அது சீனத்துக் கண்டுபிடிப்பு. கி.பி. 105இல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி அதைப் பேரரசரிடம் சமர்ப்பித்ததாகச் சீன வரலாறு சொல்கிறது. பாப்பிரஸில் கூழே கிடையாது, நார் உடையாமல் முழுசாக இருக்கும். காகிதம் அரைத்த மாவில் வார்த்த தோசை என்றால், பாப்பிரஸ் கீற்றுகளை அடுக்கி அழுத்திய தட்டி.

ஐரோப்பியர்கள் புதிய பொருளுக்குப் பழைய பொருளின் பெயரையே வைத்துவிட்டார்கள், அதுதான் குழப்பம். கிரேக்கர்கள் பாப்பிரஸ் சுருளை 'கார்த்தேஸ்' என்றார்கள், ரோமர் வாயில் அது 'கார்த்தா' ஆயிற்று. கார்டு, சார்ட் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். போர்த்துகீசியர் வழியாக அதே சொல் நம்மிடமும் வந்து கடுதாசி ஆனது. இலங்கையில் கடதாசி. "ஊருக்கு ஒரு கடுதாசி போடணும்" என்று சொன்ன நம் பாட்டிகள் தெரியாமலேயே நைல் நதிக் கோரையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! சுருளுக்கு இன்னொரு கிரேக்கப் பெயர் 'பிப்ளோஸ்', அதிலிருந்து வந்தது பைபிள்.

எப்படித்தான் செஞ்சாங்க? பசை போட்டு ஒட்டுவாங்களா?

தண்டைத் துண்டுகளாக நறுக்கி, தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றை மெல்லிய பட்டைகளாகக் கத்தியால் வகிர வேண்டும். பட்டைகளை ஒன்றையொன்று லேசாகத் தொடும்படி நெடுக்கே ஒரு வரிசை, அதன்மேல் குறுக்கே இன்னொரு வரிசை. பின்னுவதில்லை, மேலே வைப்பதோடு சரி. பிறகு கொட்டாப்புளியால் தட்டி, கனமாக எதையாவது ஏற்றி அழுத்திக் காயவைத்தால் தாள் தயார். சொரசொரப்பு போகச் சிப்பியாலோ தந்தத்தாலோ தேய்ப்பார்கள்.

ஒரு தாளுக்குள் பசை தேவையில்லை. தண்டின் சாறும், ஈரத்தில் அழுந்திய நார்களின் பிடிப்புமே போதும். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி இந்தச் செய்முறையை விரிவாக எழுதினார், நைல் நதியின் கலங்கல் நீரே பசையாக வேலை செய்கிறது என்றும் சேர்த்து எழுதினார். நதி நீர் இல்லாமலே இன்று தாள் ஒட்டுகிறது, ஆக அந்த இடத்தில் அவர் சறுக்கிவிட்டார். பசை வேண்டியது அடுத்த கட்டத்தில்தான். தாளோடு தாளை ஓரத்தில் ஒட்டிச் சுருளாக்க மாவுப் பசை, சுவரில் போஸ்டர் ஒட்டக் காய்ச்சுவோமே, அந்த மாதிரி.

நான் ஒருமுறை மாடித் தொட்டியில் வளர்ந்த கோரையை வகிர்ந்து முயன்று பார்த்தேன். அழுத்தும் வரை எல்லாம் நன்றாகவே போனது. கார்த்திகை மாத ஈரத்தில் மூன்றாம் நாளே தாள் முழுக்கப் பூஞ்சை. இந்தப் பூஞ்சையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

எவ்வளவு பழசு இது?

கிடைத்ததில் மிகப் பழையது எகிப்தின் சக்காராவில், ஹெமாகா என்ற உயர் அதிகாரியின் கல்லறையில் இருந்த சுருள். முதல் அரச மரபின் காலம், ஏறத்தாழ 4,900 ஆண்டுகளுக்கு முந்தியது. வேடிக்கை என்னவென்றால் அதில் ஒரு எழுத்துகூட இல்லை, வெற்றுச் சுருள். மறு உலகத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்று ஒரு பெட்டியில் போட்டுக் கூடவே வைத்திருக்கிறார்கள். வெற்றுத் தாளையே புதைக்கும் அளவுக்குப் பழகியிருந்தார்கள் என்றால், தொழில் அதற்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

சரி, எழுத்தோட கிடைச்சதில் முதல் பாப்பிரஸ்ல என்ன இருக்கு? மந்திரமா, ராஜா கதையா?

இரண்டும் இல்லை. ஒரு மேஸ்திரியின் வேலைக் குறிப்பு. இந்தப் பதிலைச் சொல்லும்போது வகுப்பில் ஏமாற்றமாக ஒரு "அய்யே" வரும். எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் பிடித்த சுருள்.

2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் தாலே குழுவினருக்கு இது கிடைத்தது. கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் கடைசி ஆண்டுகளில், அதாவது சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்னால், மெரெர் என்ற மேற்பார்வையாளர் சுமார் 40 ஆட்களை வைத்துக்கொண்டு துரா குவாரியிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கிசாவுக்குக் கொண்டுபோனார். இன்று துராவில் கல் ஏற்றினோம், இன்று புறப்பட்டோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம், மறுநாள் கிசா போய்ச் சேர்ந்தோம் என்று நாள்வாரியாக ஓடுகிறது குறிப்பு. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. கூடவே கிடைத்த மற்ற சுருள்களில் தானிய வரவும் ரொட்டிக் கணக்கும் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது.

மரணமில்லாப் பெருவாழ்வு, பிரமிடின் மர்மம் என்று நாம் ஆயிரம் கதை கட்டுகிறோம். அந்த இடத்தில் வேலை பார்த்தவர் எழுதியதோ லாரி டிரைவரின் டிரிப் ஷீட். பாப்பிரஸை அதன் காலத்தில் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால் நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

ஏன் எகிப்துல மட்டும்? வேற ஊர்ல அந்தச் செடி வளராதா?

வளரும். சூடான், எத்தியோப்பியா, விக்டோரியா ஏரிக்கரை என்று ஆப்பிரிக்காவில் பல இடங்களில் இன்றும் காடாக வளர்கிறது. ஆனால் சதுப்பு, பழகிய கைகள், கணக்குப் பார்த்தே தீரவேண்டிய ஒரு அரசாங்கம், சரக்கு ஏற்றிப்போக நதி, எல்லாம் ஒரே இடத்தில் கூடியது நைல் கழிமுகத்தில்தான். அங்கிருந்து மத்தியதரைக் கடல் முழுக்க ஏற்றுமதி ஆனது. கி.மு. 11ஆம் நூற்றாண்டு வாக்கில் நடப்பதாகச் சொல்லும் வெனாமுன் கதையில், மரம் வாங்க பிப்லோஸ் நகரத்துக்குப் போன எகிப்தியர் விலையாகக் கொடுத்த பொருள்களில் பொன், வெள்ளியோடு 500 பாப்பிரஸ் சுருள்களும் உண்டு.

சரக்கு ஒரே நாட்டிலிருந்து வந்தால் தட்டுப்பாடும் வரும். ரோமப் பேரரசர் டைபீரியஸ் காலத்தில் பாப்பிரஸ் கிடைக்காமல் போய், யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்க செனட் ஆட்களை நியமித்தது. ரேஷன்!

புத்தகம் மாதிரி பக்கம் பக்கமா இருக்குமா?

முதலில் இல்லை, சுருள்தான். பிளினி காலத்தில் விற்பனைச் சுருள் ஒன்றில் 20 தாளுக்கு மேல் ஒட்டமாட்டார்கள். தேவைப்பட்டவர்கள் மேலும் ஒட்டி நீட்டிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பெரிய ஹாரிஸ் பாப்பிரஸ் 41 மீட்டருக்கு மேல், எகிப்திய மன்னன் மூன்றாம் ராம்சேஸ் கோயில்களுக்குக் கொடுத்த தானங்களின் பட்டியல். லைப்சிக்கில் உள்ள ஈபர்ஸ் மருத்துவச் சுருள் சுமார் 20 மீட்டர். இவை விதிவிலக்குகள். சாதாரணச் சுருளைக் கையில் பிடித்து, ஒரு பக்கம் விரித்து மறுபக்கம் சுருட்டிக்கொண்டே படிக்கலாம். நடுவில் ஒரு வரியைத் தேடவேண்டுமானால் பழைய கேசட் மாதிரிதான், ஓட்டித்தான் ஆகவேண்டும்.

நார் குறுக்கே ஓடும் பக்கம் உள்ளே வரும்படி சுருட்டுவார்கள், முதலில் எழுதுவதும் அந்தப் பக்கத்தில்தான். முதுகுப் பக்கம் பெரும்பாலும் காலி, பிற்பாடு கணக்கெழுத உதவும். மடித்துத் தைத்த ஏட்டு வடிவம் கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் மெல்ல மெல்லச் சுருளை ஓரங்கட்டியது. கிறிஸ்தவர்கள் அதை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த தோலுறை போட்ட பிரதிகள் அப்படிப்பட்ட பாப்பிரஸ் ஏடுகள்தான்.

எதை வெச்சு எழுதினாங்க? எழுத்தாணியா?

எழுத்தாணி பட்டால் பாப்பிரஸ் கிழிந்துவிடும். பனையோலையில் நாம் கீறி, பிறகு கரியும் சாறும் தடவி எழுத்தைத் தெரியவைக்கிறோம். பாப்பிரஸில் மை மேலே உட்கார்ந்திருக்கும். எகிப்தியர் நாணல் போன்ற ஒரு புல்லின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கி எழுதினார்கள். கிரேக்கர்கள் நாணலைச் சீவிக் கூராக்கி, நடுவே கீறிப் பேனாவாக்கினார்கள். கறுப்பு மை புகைக்கரியும் பிசினும். தலைப்புக்கும் முக்கியமான இடத்துக்கும் காவிச் சிவப்பு.

கரி மை தண்ணீர் பட்டால் கரையும். எழுத்தர்கள் அதையே வசதியாக்கிக்கொண்டார்கள். தவறாக எழுதினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மேலேயே எழுதலாம், முழுச் சுருளையும் கழுவிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

ரொம்ப விலையா இருக்குமே? ராஜாவும் பூசாரியும்தான் எழுதியிருப்பாங்க?

மெரெர் ராஜாவா, பூசாரியா? விலை ஊருக்கு ஊர் மாறியது. ஏதென்ஸில் கி.மு. 407இல் ஒரு கோயில் கட்டுமானக் கணக்கு கல்லில் இருக்கிறது. அதில் இரண்டு பாப்பிரஸ் 2 திராக்மா 4 ஒபோல். ஒரு திராக்மாவுக்கு 6 ஒபோல், தொழிலாளியின் நாள்கூலி ஏறக்குறைய ஒரு திராக்மா. ஆக ஒன்றுக்கு ஒரு நாள் கூலிக்கும் கொஞ்சம் மேலே. சும்மா கிறுக்கிப் பார்க்க வாங்கமாட்டோம், ஆனால் வழக்கு, ஒப்பந்தம், கடிதம் என்றால் வாங்குவோம். தரத்திலும் ஏற்ற இறக்கம் உண்டு. பிளினியின் பட்டியலில் உச்சியில் பேரரசர் பெயரில் 'அகஸ்டா', அடுத்தது அவர் மனைவி பெயரில் 'லிவியா', அடிமட்டத்தில் சாமான் பொட்டலம் கட்ட மட்டுமே உதவும் ஒரு ரகம்.

அதற்கும் வழியில்லாதவர்கள் உடைந்த பானைச் சில்லில் எழுதினார்கள். வரி ரசீது, சின்னச் சின்னக் கணக்கு எல்லாம் சில்லில். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமில் தமிழ் பிராமியில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்களும் 'பானை ஒறி' என்ற சொல்லும் கீறிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவை சீட்டுகள் அல்ல, பானை மேல் கீறிய பெயரும் குறிப்பும்தான். ஆனாலும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தமிழ் எழுதத் தெரிந்த கை ஒன்று அந்தக் கரையில் நின்றிருக்கிறது.

பழைய பாப்பிரஸ் குப்பைக்குப் போவதற்கு முன் இன்னொரு வேலையும் பார்த்தது. சவங்களைப் பதப்படுத்தும்போது மேலே போடும் உறையையும் முகமூடியையும் கழிவுப் பாப்பிரஸை ஒட்டிக் கெட்டியாக்கிச் செய்வார்கள். காகிதக்கூழ் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். 1900இல் டெப்துனிஸ் என்ற ஊரில் மனித சவங்களைத் தேடிய குழுவுக்கு வரிசையாக முதலைகளாகவே வந்தன. அங்கே முதலை தெய்வம். வெறுத்துப்போன ஒரு கூலியாள் ஒரு முதலையைப் போட்டு உடைக்க, அதைச் சுற்றியிருந்தது எல்லாம் எழுதிய பாப்பிரஸ். அவை இன்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

நம்ம ஓலைச்சுவடி முந்நூறு வருஷத்துல பொடியாயிடுது. இது மட்டும் எப்படி நாலாயிரம் வருஷம் நின்னுச்சு?

பாப்பிரஸ் ஓலையைவிட உறுதியானது என்று அர்த்தமில்லை. என் மாடியில் மூன்று நாளில் பூத்ததே! நின்றது எகிப்து மணலின் வறட்சியால். மழையும் இல்லை, நிலத்தடி ஈரமும் எட்டவில்லை என்றால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அங்கே வேலை இல்லை. அதே எகிப்தில் ஈரமான கழிமுகத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. கிரீஸிலும் இத்தாலியிலும் மிஞ்சிய கொஞ்சமும் பெரும்பாலும் எரிந்து கரியானதால் மிஞ்சியது. 1962இல் கிரீஸின் தெசலோனிக்கி அருகே தெர்வேனியில் கிடைத்த சுருள் ஈமச் சிதையில் பாதி வெந்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வேகாத பாதி மக்கிப்போனது, கரியான பாதிதான் கைக்குக் கிடைத்தது.

மணல் எதைக் காப்பாற்றியது என்பது இன்னும் சுவாரசியம். கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய நகரம். 1896–97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆக்ஸ்போர்டு இளைஞர்கள் அங்கே போய் அரண்மனையையோ கல்லறையையோ தோண்டவில்லை, ஊர்க் குப்பைமேட்டைத் தோண்டினார்கள். அவர்கள் தொடங்கிவைத்த அந்தத் தோண்டலில் வந்து சேர்ந்த துண்டுகள் 5 லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். பதிப்பிப்பது இன்றுவரை முடியவில்லை. கிரேக்கப் பெண்கவி சாஃபோவின் தொலைந்துபோன கவிதைகளும் கிரேக்க நாடகாசிரியர் சோஃபோகிளிஸின் நாடகம் ஒன்றின் பெரிய பகுதி ஒன்றும் அதில் கிடைத்தன. ஆனால் பெரும்பங்கு ரசீது, புகார் மனு, குத்தகைச் சீட்டு, விருந்தழைப்பு.

பிள்ளைகளிடம் நான் கட்டாயம் சொல்வது தேயோன் கடிதம். தேயோன் என்ற சிறுவன் அதே பெயருள்ள அப்பாவுக்கு எழுதியது. என்னை விட்டுவிட்டு நீ மட்டும் பட்டணம் போனாயே, ரொம்ப நல்ல காரியம் செய்தாய்! என்னை அலெக்சாந்திரியாவுக்குக் கூட்டிப்போகாவிட்டால் இனி உனக்குக் கடிதம் எழுதமாட்டேன், பேசமாட்டேன், ஒரு யாழ் வாங்கி அனுப்பு, இல்லாவிட்டால் சாப்பிடமாட்டேன், தண்ணீர் குடிக்கமாட்டேன். சாரம் இவ்வளவுதான். எழுத்துப்பிழை ஏராளம். யாரும் பாதுகாக்க நினைக்காத தாள், 1,700 ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்டது.

அலெக்சாந்திரியா நூலகம் எரிஞ்சுதாலதானே எல்லா அறிவும் போச்சு?

அது எரியாமலே இருந்திருந்தாலும் அந்தச் சுருள்கள் நமக்குக் கிடைத்திருக்காது. முந்திய பதிலைப் பாருங்கள், அலெக்சாந்திரியா கடலோர ஈர ஊர். பாப்பிரஸில் ஒரு நூல் வாழ்வது மறுபடி மறுபடி பிரதி எடுப்பதால். எடுக்க ஆளில்லாத நூல் நெருப்பு இல்லாமலே செத்துப்போகும். சுவடி வைத்திருந்த குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எரிஞ்சு கரியான சுருளைப் பிரிக்காமலே படிச்சுட்டாங்கன்னு செய்தி பார்த்தேன். நிஜமா?

நிஜம்தான், ஆனால் முழுதும் இல்லை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் ஹெர்குலேனியம் நகரில் ஒரு மாளிகையின் நூலகம் அப்படியே புதைந்தது. 1750களில் தோண்டியவர்கள் முதலில் அவற்றை விறகுக்கரி என்றே நினைத்தார்கள். துண்டுகளையும் சேர்த்தால் சுமார் 1,800 எண்ணிக்கை. பியாஜியோ என்ற பாதிரியார் பட்டு நூலில் தொங்கவிட்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரிக்கும் ஒரு கருவி செய்தார். பிரித்தவை படிக்கக் கிடைத்தன, பல சிதைந்தும் போயின.

இப்போதைய வழியில் சுருளைத் தொடுவதே இல்லை. எக்ஸ்-ரேயால் உள்ளடுக்குகளைப் படமெடுத்துக் கணினியில் விரிக்கிறார்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் இதில் பல ஆண்டுகள் உழைத்தவர். சிக்கல் எங்கே தெரியுமா? மையும் கரி, தாளும் கரி, எக்ஸ்-ரேயில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். மை காய்ந்து வெடித்த மெல்லிய தடத்தைக் கண்டுகொள்ளக் கணினிக்குப் பயிற்சி கொடுத்தபோதுதான் கதவு திறந்தது. 2023இல் முதலில் தெரிந்த முழுச் சொல் 'போர்ஃபிராஸ்', ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரியில் யூசெஃப் நாதெர், லூக் ஃபாரிட்டர், ஜூலியன் ஷில்லிகர் என்ற மூன்று மாணவர்கள் சுமார் 2,000 எழுத்துகளைப் படித்துக்காட்டி 7 லட்சம் டாலர் பரிசு வாங்கினார்கள். அந்தச் சுருளிலேயே அது 5 விழுக்காடுதான்.

இதுக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? சங்க காலத்துல பாப்பிரஸ்ல எழுதினாங்களா?

இங்கே பாப்பிரஸில் எழுதியதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. வீட்டு வாசலிலேயே பனை நிற்கும்போது கோரையைக் கப்பலில் வரவழைக்க என்ன தேவை? ஆனால் பாப்பிரஸில் நம்மைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று இருக்கிறது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. முசிறி பாப்பிரஸ் என்றே அதற்குப் பெயர். (சேர நாட்டு முசிறி, இன்றைய கேரளக் கரை. கோரைப்பாய்க்குப் பேர்போன நம் திருச்சிப் பக்கத்து முசிறி இல்லை. இரண்டு முசிறியையும் குழப்பி ஒருவர் என்னிடம் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார்.)

முன்பக்கம் கடன் ஒப்பந்தம். முசிறி வணிகத்துக்கு வாங்கிய கடன், சரக்கைச் செங்கடல் துறையில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் வழியாக அலெக்சாந்திரியா சேர்க்க வேண்டிய பொறுப்பு, 25 விழுக்காடு சுங்கம். முதுகுப் பக்கத்தில் ஹெர்மாபோல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு. எஞ்சிய பகுதியில் தெரிவது கங்கைக்கரைச் சடாமாஞ்சிலும் யானைத் தந்தமும். மொத்த மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசு, ஒரே கப்பலுக்கு! "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று முசிறிக் கப்பலை அகநானூறு பாடியது நம் பக்கத்துச் சாட்சி (கறி என்றால் மிளகு). கடல் தாண்டிய பக்கத்துச் சாட்சி இந்தக் கணக்குச் சீட்டு.

எகிப்து ராஜா பொறாமையில் பாப்பிரஸ் அனுப்புறதை நிறுத்தினார், அதனாலதான் தோல்ல எழுத ஆரம்பிச்சாங்கன்னு படிச்சேனே?

பெர்கமன் நகர மன்னர் யூமெனஸின் நூலகம் வளர்வதைப் பொறுக்காத டாலமி ஏற்றுமதியை நிறுத்தினார், பெர்கமன் தோலேட்டைக் கண்டுபிடித்தது என்று பிளினி சொல்கிறார். கதை ஜோர். ஆனால் எகிப்திலேயே அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் தோலில் எழுதியிருக்கிறார்கள். பெர்கமன் அதைப் பக்குவப்படுத்தி, தன் பெயரையும் ஒட்டிக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆங்கிலப் 'பார்ச்மென்ட்' அந்த ஊர்ப் பெயர்தான். தோல் வென்றதற்குக் காரணம் பொறாமையைவிடச் சாதாரணமானது. ஆடு எந்த ஊரிலும் மேயும், தோலை மடித்துத் தைக்கலாம், ஐரோப்பிய ஈரத்தைத் தாங்கும்.

அப்போ பாப்பிரஸ் எப்ப நின்னுச்சு?

ஒரே நாளில் இல்லை. அரபுகள் எகிப்தைப் பிடித்த பிறகும் 7ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே அரபியில் பாப்பிரஸ் ஆவணங்கள் குவிந்தன. கிழக்கிலிருந்து காகிதம் வந்தது. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாக்தாதில் காகித ஆலை, 10ஆம் நூற்றாண்டில் எகிப்திலேயே காகிதத்தின் ஆட்சி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கடிதம் ஒன்று, பாப்பிரஸில் எழுதியதற்கு மன்னிக்கவும் என்று முடிகிறது. காகிதம் வாங்க வக்கில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். 3,500 ஆண்டுக்கும் மேலான ராஜாங்கம் அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றும். ரோமில் போப்பாண்டவர் அலுவலகம் மட்டும் பழக்கத்தை விடாமல் 11ஆம் நூற்றாண்டின் நடுவரை இழுத்தது.

கெய்ரோவுல இப்பவும் செய்யறாங்களே, அது பரம்பரைத் தொழிலா?

இல்லை, 20ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்தது. 19ஆம் நூற்றாண்டுக்குள் எகிப்தில் செடியே ஏறக்குறைய மறைந்துவிட்டது. சீனாவில் எகிப்தியத் தூதராக இருந்த ஹசன் ரகாப் என்ற பொறியாளர் 1960களில் சூடானிலிருந்து செடி கொண்டுவந்து வளர்த்து, செய்முறையைத் தானே சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பே 18ஆம் நூற்றாண்டில் சிசிலியின் சிராகூசாவில் லாந்தோலினா என்பவர் அங்குள்ள செடியை வைத்துத் தாள் செய்துபார்த்திருக்கிறார். இன்றைக்கு நைல் கழிமுகத்தில் கராமூஸ் என்ற கிராமம் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பித்தான்.

நான் வாங்கிட்டு வந்தது அசலான்னு எப்படிப் பார்க்கிறது?

வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெடுக்கும் குறுக்குமாக நார்க்கோடுகள் கட்டம் கட்டித் தெரிய வேண்டும். ஒழுங்கில்லாமல், சில அடர்ந்தும் சில வெளிறியும். மெதுவாகச் சுருட்டிப் பாருங்கள். அசல் வளைந்துகொடுக்கும், வாழைப்பட்டையில் செய்தது மடிப்பில் நொறுங்கும்.

என் முதல் தாளும் போலிதான். ஒரு சுற்றுலாக் கடையில் பொன்வண்ணத்தில் ராணிப் படம் போட்டுச் சட்டம் போடாமல் விற்றார்கள், பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிய பெருமை எனக்கு. வீட்டில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் கட்டமே இல்லை, எல்லா நாரும் ஒரே திசையில். சுருட்டியபோது ராணியின் கழுத்தில் விரிசல். அதையும் பையில் வைத்திருக்கிறேன், அசலோடு சேர்த்துக் காட்ட ரொம்ப உபயோகம்.

தாளைக் கார்பன் சோதனை பண்ணிப் பழசுன்னு சொல்லிட்டா, எழுத்தும் பழசுதானே?

அங்கேதான் பெரிய பெரிய ஆட்களே விழுந்தார்கள். கார்பன் சோதனை சொல்வது செடியை வெட்டிய காலத்தை, எழுதிய காலத்தை அல்ல. பழைய சுருள்களில் எழுதாத ஓரங்கள் நிறைய, முதுகுப் பக்கமும் காலி என்று மேலே சொன்னேன். அந்த வெற்றுத் துண்டை வாங்கி, புகைக்கரியில் மை கூட்டி எழுதிவிட்டால் தாளும் மையும் சோதனையில் பெரிதாக உறுத்தாது.

2012இல் ஹார்வர்ட் பேராசிரியர் கேரன் கிங் ஒரு துண்டை அறிவித்தார். இயேசு "என் மனைவி" என்று சொல்வதாக அதில் வாசகம். உலகமே பரபரத்தது. தாளுக்குச் சோதனை சொன்ன வயது ஆயிரம் ஆண்டுக்கு மேல். ஆனால் வாசகம், வேறொரு பழைய நூலுக்கு இணையத்தில் யாரோ போட்டிருந்த பதிப்பை வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது, அந்தப் பதிப்பின் தட்டச்சுப் பிழை உட்பட. 2016இல் துண்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்திரிகையாளர் துருவிப்போனதும் அது போலியாகவே இருக்கும் என்று கிங்கும் ஒத்துக்கொண்டார். மை வேதியியலைவிட, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற கேள்விதான் கடைசியில் உதவியது.

ஆன்லைன்ல பழைய பாப்பிரஸ் துண்டு விக்கிறாங்க, ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமா?

வேண்டாம். எகிப்தில் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தைத் தடை செய்கிறது. ஆக அது போலியாக இருந்தால் காசு போச்சு, அசலாக இருந்தால் திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆசையாக இருந்தால் நர்சரியில் ஒரு செடி வாங்கி, அகலத் தொட்டியில் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். வகிரும்போது கத்தி கூராக இருக்கட்டும். சித்திரை வெயிலில் செய்யுங்கள், கார்த்திகையில் வேண்டாம்.